சுவரைப் பார்த்து வைத்த ஆன்டெனா

சாக்கைப் பிரித்துக் கொட்டியதும் எனக்கு வந்தது எரிச்சல்தான். ஆன்டெனா என்று நான் வாங்கியது ஒரு குவியல் அலுமினியக் குழாய். பெரிய குழாய்க்குள் சின்னது, அதற்குள் அதைவிடச் சின்னது. இழுத்தால் நீளும், தள்ளினால் குறுகும். எந்த அலைவரிசையில் பேச வேண்டுமோ அதற்கான நீளத்துக்கு இழுத்து, கிளாம்ப் போட்டு முடுக்க வேண்டும். விற்றவர் சென்னைக்காரர். என்னைப் போலப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அமெச்சூர் உரிமம் வைத்திருப்பவர், தனி வீட்டை விட்டுவிட்டு ஃபிளாட்டுக்குப் போகிறார். "எல்லாம் அளவு ஒட்டி வச்சிருக்கேம்மா, சும்மா இழுத்து முடுக்குனாப் போதும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒட்டியிருந்த காகிதத் துண்டுகளில் பாதி உரிந்து கிடந்தன. மீதியில் எழுத்தே இல்லை.

அன்று புதன்கிழமை. எனக்கு அந்த வாரம் பி ஷிஃப்ட், மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் மாடி முழுக்க என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் இந்தக் குழாய்களை நான் பேச வைத்தாக வேண்டும். ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் சிநேகிதி கடைசியாகப் பேசப் போகிறாள். திங்கட்கிழமை அவளைக் கொல்கத்தாவுக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் அவளுடைய குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள்.

அவளும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். ரேடியோ உரிமத் தேர்வையும் ஒரே நாளில்தான் எழுதினோம். அவள் கல்யாணமாகி அந்தமான் போனாள். போர்ட் பிளேரில் அவள் கணவருக்கு வேலை. நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்றால் இருவரும் ரேடியோ செட்டுக்கு முன்னால் உட்காருவோம். பல வருஷப் பழக்கம்.

போன் இருக்கிறதே, அப்புறம் என்னத்துக்கு ரேடியோ என்று கேட்காதவர்கள் இல்லை. போனில் நாங்கள் சண்டை போட்டுக்கொள்வோம். ரேடியோவில் போட்டதில்லை. ஒருத்தி பேசி முடித்து 'ஓவர்' சொல்லும்வரை மற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், வேறு வழியில்லை. என் ஜென்மத்தில் நான் வாயை மூடிக்கொண்டு யார் பேச்சையாவது முழுதாகக் கேட்டேன் என்றால் அது அவள் பேச்சைத்தான்.

அவள் வாட்ஸ்அப்பில் எழுதியது இதுதான்: "டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டாரு. வூட்ல எல்லாம் எழுதித்தான் காட்டுறேன். இருக்குற தொண்டைய ஞாயித்துக்கெழமைக்கு வெச்சிருக்கேன். என் கால் சைன கடைசியா ஒரு தடவ என் வாயால சொல்லணும். நீ கேக்கணும். நெறைய பேச வேண்டியது கீது டீ."

கால் சைன் என்பது உரிமத்தோடு அரசாங்கம் தரும் அழைப்புக் குறி, எண்ணும் சேர்த்து ஐந்தாறு எழுத்து. ரேடியோவில் எங்களுக்கு அதுதான் பேர்.

சிக்கல் என் பக்கம். நான் குடியிருக்கும் இடத்தில் காற்று முழுக்க மின் இரைச்சல். சுற்றிலும் ஷெட், ஷெட்டுக்குள் மோட்டார், மோட்டாரை ஓட்டும் மின் பெட்டிகள், ராத்திரி பகல் ஓயாது. செட்டைப் போட்டால் மாவு மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அதுவரை நான் மாடியில் கட்டியிருந்தது வெறும் கம்பி. கம்பிக்கு எல்லாத் திசையும் ஒன்று. அவள் குரல் நன்றாக இருந்தவரை அந்த இரைச்சலையும் மீறி வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக வரவில்லை. அதனால்தான் இந்தத் திசை ஆன்டெனா. எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்தை நன்றாகக் கேட்கும், மற்ற பக்கங்களை அமுக்கும். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்பது மாதிரி.

குழாய்களை நான் ஒருமுறைக்கு மூன்று முறை டேப் வைத்து அளந்தேன். முனையிலிருந்து முனை இருபத்து மூன்று அடி வருகிற இரண்டு கம்புகள், அவற்றை இணைக்கும் ஒரு நடுக் குழாய். ஒவ்வொரு கிளாம்ப்பையும் முடுக்கிவிட்டு மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தேன். எங்கள் கம்பெனி லைனில் அதுதான் வழக்கம். போல்ட்டை முடுக்கியாயிற்று, சரிபார்த்தாயிற்று என்பதற்கு மஞ்சள் கோடு. கோடு விழுந்ததை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டில் கட்டியிருந்த இரும்புப் பைப்புக்குள் கம்பத்தை இறக்கும்போது வீட்டு ஓனர் மேலே வந்தார். அறுபது வயதுக்காரர். இந்த லேஅவுட் மொத்தமும் ஒரு காலத்தில் அவருடையதும் பங்காளிகளுடையதுமான நிலம். பிள்ளைப்பாக்கம் பக்கம் எல்லோரும் விற்றபோது அவரும் விற்றார். பிறகு தன் நிலத்திலேயே ஒரு மனையைத் திரும்ப வாங்கி வீடு கட்டினார். கீழே அவர் குடும்பம், நடுவில் கம்பெனிப் பையன்கள் ஆறு பேர், மாடியில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில் நான்.

"இன்னாம்மா இது, டிஷ்ஷா?"

"இல்லண்ணா, ரேடியோ ஆன்டெனா. அந்தமானுக்கு."

"அந்தமானா! அது எந்தப் பக்கம் கீது?"

"நேர் கிழக்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒனக்கு வேலயே இல்ல. நம்ம வூடு பக்கா கெழக்கு பாத்த வூடு. இந்தப் பக்கத்து செவுத்துக்கு நேரா வுடு, அதுபாட்டுக்குப் போயி சேந்துரும்."

போன் காம்பஸை நான் வைத்துப் பார்க்காமல் இல்லை. தொட்டி ஸ்டாண்டு பக்கத்தில் வைத்தால் ஒன்று காட்டியது, தகர ஷீட் பக்கத்தில் இன்னொன்று காட்டியது, நடுவில் நின்றால் சுற்றிக்கொண்டே இருந்தது. மேப்பைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. முப்பது வருஷம் இந்த மண்ணில் ஏர் ஓட்டிய ஆள் கிழக்கு என்று சொல்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்? நடுக் குழாயைப் பக்கச் சுவருக்கு நேராக நிறுத்தி, போல்ட்டை முடுக்கி, அதற்கும் ஒரு மஞ்சள் கோடு போட்டேன்.

செட்டைப் போட்டேன். மாவு மில் முன்னைவிட அதிகமாக ஓடியது.

எனக்குப் புரியவே இல்லை. இத்தனை பேர் இந்த ஆன்டெனாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே, இதுவா? அந்தமானிலிருந்து ஒருவரும் வரவில்லை. இரைச்சல் மட்டும் கணீரென்று வந்தது. நீளம் தப்பு என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலை முழு ஆன்டெனாவையும் இறக்கி, இரண்டு பிளாஸ்டிக் டிரம் மேல் வைத்து, மறுபடி அளந்தேன். டேப் எடுக்க அறைக்குள் போய் வருவதற்குள் ஓனரின் மனைவி நீளக் கம்பில் ஈரப் புடவையை விரித்துவிட்டிருந்தார்.

"அக்கா! இது துணி காயப்போடுறது இல்லக்கா!"

"தெரியும்மா. சும்மாதானே கீது. நீளமா, நல்லா பாங்கா கீது. ஒரு மணி நேரந்தான்."

"வளஞ்சிடும்க்கா!"

"ஒரு பொடவைக்கு வளையிற கம்பி அந்தமானுக்கு எப்பிடிம்மா பேசும்?"

அன்று எனக்கும் அதே சந்தேகம்தான்.

அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் ஒரு மீட்டர் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டியது. ஒரு விரற்கடை கூட்டினேன், ஒரு விரற்கடை குறைத்தேன். மீட்டர் நல்ல பிள்ளை மாதிரி நின்றது. இரைச்சல் அசையவில்லை. அந்த மத்தியானம் லைனில் ஒரு டிரே பார்ட்ஸைக் காரணமில்லாமல் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர் வந்து, "மேடம், இன்னைக்கு யார் மேல கோவம்?" என்றார். "உங்க மேல இல்ல, போங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டாள். இரண்டே இரண்டு முறை கால் சைன் சொல்வாள், அவ்வளவுதான். முதலில் நான் அழைத்தேன். பிறகு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தேன். இரைச்சலுக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஈரச் சாக்குக்குள் யாரோ மூச்சு விடுகிற மாதிரி. அது அவளாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

வாட்ஸ்அப் வந்தது. "உன் குரல் லேசா கேட்டுச்சு. நான் சொன்னது கேட்டுச்சா?"

"இல்ல" என்று எழுதினேன். எனக்கு மழுப்பத் தெரியாது.

அவள் எழுதினாள். "சரி. ரெண்டு தடவ வீணாப் போச்சு. இனிமே ஞாயித்துக்கெழமைதான். பத்து, பத்து அஞ்சு, பத்து பத்து, மூணு தடவ கூப்புடுவேன். அதுக்கு மேல தாங்காது."

அன்று நான் ஆன்டெனாவை உதைத்தேன். நிஜமாகவே காலால். வலித்தது எனக்குத்தான்.

சனிக்கிழமை விடியும்போதே மாடியில் இருந்தேன். வெயில் ஏறுவதற்குள் இன்னொரு முறை எல்லா கிளாம்ப்பையும் பார்க்கலாம் என்று. பங்குனி பிறந்து ஒரு வாரம். இரவும் பகலும் சமமாக இருக்கிற நாட்கள், சூரியன் துல்லியமாகக் கிழக்கில் உதிக்கிற நாட்கள். பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஸ்பேனரோடு ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். சூரியன் வந்தது. ஆன்டெனா பார்க்கிற பக்கத்தில் இல்லை. வலதுபுறமாக, எங்கேயோ தள்ளி, ஐந்து மாடி ஹாஸ்டலுக்கும் பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர் டேங்குக்கும் இடையில் இருந்த சந்து வழியாக வந்தது. என் ஆன்டெனாவும் ஓனரின் சுவரும் ஒற்றுமையாக, மிக நேராக, வடகிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தத் திசையில் ரோட்டுக்கு அந்தப் புறம் இருந்தது ஒரு பெரிய ஷெட். மாவு மில்லின் வாசலிலேயே கொண்டுபோய் காதை வைத்திருக்கிறேன், மூன்று நாள்.

லேஅவுட் போட்டவன் ரோட்டுக்கு ஏற்றபடி மனைகளை வெட்டியிருக்கிறான். ரோடு கோணல். கோணல் என்று போட்டால் மனை போகாது என்று 'கிழக்கு பார்த்த மனை' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறான்.

போல்ட்டைத் தளர்த்தி, கம்பத்தில் நான் மாட்டியிருந்த கைப்பிடியைப் பிடித்து, சூரியனைப் பார்த்துத் திருப்பினேன். கீழே இறங்கி செட்டைப் போட்டேன். இரைச்சல் விழுந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து லைனை நிறுத்தியதும் திடீரென்று நம் காதே நமக்குக் கேட்குமே, அப்படி. அந்த அமைதிக்குள்ளிருந்து பேச்சு வந்தது. யாரோ ஒரு மலேசியாக்காரர் சாவகாசமாகத் தன் ஊர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. இதற்காகத்தான் ஆடுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இருபத்து மூன்று அடிக் கம்பைக் கையால் இத்தனூண்டு திருப்பினால் உலகத்தில் ஒரு பக்கத்தின் வாய் மூடுகிறது, இன்னொரு பக்கம் பேசுகிறது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, டீ போட்டுக் குடித்தேன்.

டீ ஆறுவதற்குள் ஓனர் மேலே வந்துவிட்டார். தெருவிலிருந்தே பார்த்திருக்கிறார்.

"இன்னாம்மா, கோணயா நிக்குது?"

"இப்பத்தாண்ணா நேரா நிக்குது. உங்க வீடுதான் கோணல். அதோ பாருங்க சூரியன. அதான் கிழக்கு."

அவர் சூரியனைப் பார்க்கவில்லை. அதில்தான் எனக்கு விளங்கியது. இந்த ஆளுக்குத் தெரியும். இந்த நிலத்தில் நாற்று நட்டவருக்குச் சூரியன் எங்கே வரும் என்று தெரியாதா? முதல் நாளிலிருந்தே தெரியும்.

"சத்தமா பேசாதம்மா" என்றார். பிறகு மெதுவாக, "வூட்ட விக்கப்போறேன், நாளைக்கு பாக்க பார்ட்டி வர்றாங்க. ரெண்டு பார்ட்டி ஏற்கெனவே வந்து, வாஸ்து மூலை தப்புன்னு திரும்பிட்டாங்க. நாளைக்கு வர்றவருகிட்ட நான் சொல்லிக்கீறேன். மாடில ரேடியோ வெச்சிருக்கிற பொண்ணு, இன்ஜினீயரு, அந்தமானுக்கு நேரா சாட்டிலைட்டுல பாத்து வெச்சிருக்குது, நம்ம செவுத்துக்கு அச்சு பிசகாம நிக்குது, வந்து பாருங்கன்னு."

"நான் எங்க சாட்டிலைட்டுல வச்சேன்? நீங்க சொன்னதுக்குத்தான வச்சேன்!"

"நான் சொன்னேன். நீ வெச்ச. வெச்சதக் காட்டி நான் அவருகிட்ட சொன்னேன்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவரிடமிருந்து நான் கிழக்கை வாங்கினேன், என்னிடமிருந்து அவர் வாங்கி விற்கப் பார்க்கிறார்.

"நாளைக்கு பத்து மணிக்கு எனக்கு இது வேணும்ண்ணா. பத்து மணிக்கு. என் சிநேகிதி பேசுறா." விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரி, தொண்டை, எல்லாம். அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"ஒன்பதரைக்கு வராங்க. பத்துக்குள்ள அனுப்பிருவேன். அதுவரைக்கும் செவுத்துக்கு நேரா இருக்கட்டும். என் பொண்ணு மாதிரி கேக்குறேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கம்பெனியில் மேனேஜரிடமே முடியாது என்று சொல்பவள் நான். ஆனால் தனியாக இருக்கும் பெண்ணுக்கு, அதுவும் மாடியில் கம்பம் நட வேண்டும் என்று கேட்பவளுக்கு, இந்தப் பக்கம் யாரும் வீடு தருவதில்லை. மூன்று இடத்தில் "ரேடியோன்னா போலீஸ் வராதா?" என்று கேட்டு அனுப்பினார்கள். இந்த மனுஷன் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். வீடு விற்றுவிட்டால் நானும் காலி செய்ய வேண்டும் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. "பத்துக்கு ஒரு நிமிஷம் தாண்டாதுல்ல?" என்றேன். "தாண்டாது" என்றார். நானே என் கையால் மறுபடி சுவருக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தால், கைப்பிடியைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அடுத்த மாடிக்கு என்று தளத்தில் நீட்டி விட்டிருந்த இரும்புக் கம்பிகளில் ஒன்றோடு சேர்த்து, ஏழெட்டுச் சுற்று, குறடு வைத்து முறுக்கியிருந்தார். நான் ஷிஃப்ட்டுக்குப் போன பிறகு செய்தது. காற்றில் அசையாமல் இருக்கவாம்.

ஒன்பதரைக்கு யாரும் வரவில்லை. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார் வந்தது. ஒரு கணவன் மனைவி. கீழே இரண்டு அறையைப் பார்த்துவிட்டு நேராக மாடிக்கு ஏறி வந்தார்கள். நான் அறைக்குள் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஸ்பீக்கரில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது. ஓனர் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அந்தப் பார்வையை நான் மறக்க நினைக்கிறேன்.

"என்னங்க இது சத்தம், மிக்ஸி ஓடுற மாதிரி?" என்றார் அந்த அம்மாள்.

"சாட்டிலைட்டு மேடம்" என்றார் ஓனர். "அந்தமான் வரைக்கும் பேசும். நம்ம செவுத்துக்கு அச்சு பிசகாம நிக்குது பாருங்க. பக்கா கெழக்கு."

பத்து மணி. ஹெட்போனை மாட்டினேன். இரைச்சலுக்கு அடியில் அவள் வந்தாள். அவள்தான். ஏற்ற இறக்கத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அழைத்துவிட்டு நிறுத்துவாள் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. பேசினாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன், எங்கேயோ இருப்பேன் என்று நம்பிப் பேசிக்கொண்டே போனாள். நான் பதில் கொடுக்கலாம் என்று மைக்கை எடுத்து வெளியே பார்த்தால், அந்த அம்மாள் ஆன்டெனாக் கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிறார், ஹாஸ்டல் பக்கம் எதையோ காட்டிக்கொண்டு. ஆள் தொட்டுக்கொண்டிருக்கும்போது சக்தியை அனுப்பக் கூடாது. ஷாக் அடித்துத் தொலைக்கும், சுட்டுவிடும்.

"மேடம், அதத் தொடாதீங்க!" என்றேன்.

கையை எடுத்தார். அவர் கணவர் ஏதோ சொன்னார். திரும்பவும் பிடித்தார்.

பத்து ஐந்து. மறுபடி அவள். இந்த முறை இன்னும் மெலிதாக, ஆனால் இன்னும் நீளமாக. நடுவில் ஒரு இடத்தில் சிரித்தாள் என்று நினைக்கிறேன். இருமலாகவும் இருக்கலாம். நான் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அடி. கைப்பிடியை ஒரு அடி தள்ளினால் போதும். என் கோபம், என் வாய், என் துணிச்சல், எதுவும் என்னை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அவள் நிறுத்தியதும்தான் எழுந்தேன். குறட்டை எடுத்துக்கொண்டு போனேன். "தள்ளுங்க" என்றேன். அந்த அம்மாள் பயந்து தள்ளிவிட்டார்.

"அம்மா, இரும்மா..." என்றார் ஓனர்.

"நீ போய்யா" என்றேன். அவரை அதுவரை அப்படிப் பேசியதில்லை.

கட்டுக்கம்பி நன்றாக முறுக்கியிருந்தது. ஒவ்வொரு சுற்றாக வெட்ட வேண்டியிருந்தது. கடைசிச் சுற்றில் விரல் கிழிந்தது. கைப்பிடியைச் சூரியன் வந்த சந்தைப் பார்த்துத் தள்ளிவிட்டு ஓடி வந்து ஹெட்போனை மாட்டினேன். மணி பத்து பத்து. இரைச்சல் இல்லை. அந்த அமைதிக்குள் அவள் பேசிக்கொண்டிருந்தாள், என் காதுக்குள்ளேயே. அவள் குரல் என்று சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி ஒன்று. தன் கால் சைனைச் சொன்னாள். எழுத்து எழுத்தாக. கடைசி எழுத்து காற்றாகத்தான் வந்தது.

"கேக்குதா டீ?"

"கேக்குது! நல்லா கேக்குது! பேசு, பேசு, ஓவர்!"

"ம். கேக்குது." மூச்சு வாங்கினாள். "அவ்ளோதான் டீ. எல்லாம் சொல்லிட்டேன். இனி முடியல."

அவ்வளவுதான். அரை நிமிஷம். அவள் சேர்த்து வைத்திருந்த தொண்டையை முதல் இரண்டு தடவையில் அந்த ஷெட்டின் மோட்டார்களுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு மிஞ்சியது இதுதான். பிறகு நான் பேசினேன். பாலிடெக்னிக் கேன்டீன், ஆஸ்பத்திரியில் போர்வை கொண்டு போ, தைரியமாக இரு, என்னென்னவோ உளறினேன். முடித்துவிட்டு வழக்கம்போல 'ஓவர்' என்றேன். அவளால் பேச முடியாது என்று தெரிந்தும் சொன்னேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மலேசியாக்காரரோ யாரோ தூரத்தில் இருமினார்.

வெளியே வந்தபோது மூன்று பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள். ஆன்டெனா சுவருக்குக் கோணலாக, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி நின்றது.

"ஏம்மா திருப்பிட்டே?" என்றார் அந்த அம்மாள்.

ஓனர் தரையைப் பார்த்தார். "அதான் கிழக்கு" என்று கையைக் காட்டினேன். விரலிலிருந்து ரத்தம் சொட்டியது.

அந்த அம்மாளின் கணவர் நான் காட்டிய பக்கம் திரும்பக்கூட இல்லை. தளத்தில் நீட்டியிருந்த கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ஹாஸ்டல் கட்டப் போறோம், கிழக்கு இருந்தா என்ன மேற்கு இருந்தா என்ன" என்றார். ஓனர் பக்கம் திரும்பி, "மேல ரெண்டு ஃப்ளோர் தாங்குமா? போர்வெல் எத்தன அடி?" என்று கேட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு அவருக்கு அதுதான் கேள்வி. போர் எத்தனை அடி.

வீடு கைமாறிவிட்டது. ஆடிக்குள் என்னைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கம்பிகளின் மேல் அடுத்த மாடி எழும்பப் போகிறது. காலி செய்துகொண்டு போகும்போது ஓனரின் மனைவி, "ஒன் சிநேகிதி எப்பிடிம்மா கீது?" என்று கேட்டார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றேன். அது உண்மைதான். கழுத்தில் துளை போட்டிருக்கிறார்கள், அதன் வழியாக மூச்சு விடுகிறாள். சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எழுதிய முதல் நீளமான செய்தியில் இதைக் கேட்டிருந்தாள். "மொத ரெண்டு தடவ நான் பேசினப்ப பதில் ஏன் குடுக்கல?"

"ஆளுங்க கம்பத்தப் புடிச்சிக்கினு இருந்தாங்க" என்று எழுதினேன். உண்மை.

"ஆனா நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

வெள்ளிக்கிழமை 'இல்ல' என்று எழுதியது நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், வல்லக்கோட்டை வளைவு தாண்டிக்கொண்டிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனி கேட் வரும்வரை ஒன்றும் எழுதவில்லை. வெளிப்படையாகப் பேசுகிறவள் என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். கேட் வந்ததும், "கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது.

"அப்பாடா. ரெண்டாவது தடவ சொன்னத மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத டீ."

சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டு, கார்டைத் தேய்த்து உள்ளே போனேன்.